போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்குச் சங்கம்: எங்கே தவறுகிறோம்?

நம் நெல்லையில் மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றுகிற பெண்களுக்குச் சங்கம் என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பீடியே சுற்றாத ஒருவர் தலைவராக வந்து உட்கார்ந்தால் விடுவார்களா? போதைப்பொருள் பயன்படுத்துகிறவர்களுக்குச் சங்கம் கட்டும்போது மட்டும் இது நமக்கு மறந்துபோகிறது. மேடையில் டாக்டரும் அதிகாரியும் இருப்பார்கள். ஊசி போடுகிற பையன் நாற்காலி எடுத்துப் போடுவான். "முழுசா விட்டுட்டு வா, அப்புறம் உறுப்பினராகலாம்" என்பதும் இதே தவறுதான். நோய் தொற்றாமலிருக்கப் புது ஊசி கிடைக்காமல் இன்றைக்கு அல்லாடுகிறவருக்குத்தான் என்ன வேண்டும் என்று தெரியும். கனடாவின் வான்கூவரில் பயன்படுத்துகிறவர்களே கூடி விடாமல் போராடினார்கள். அங்கே 2003-இல் செவிலியர் கண்காணிப்பில் ஊசி போடும் சட்டபூர்வ மையம் திறந்ததில் அவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் பக்கத்தில் புது ஆளிடம் முதலில் "எந்த ஊரு, எந்தத் தெரு?" என்றுதான் கேட்போம். அந்த ஒரு பதிலில் சாதி, சொந்தம் எல்லாம் வெளியே வந்துவிடும். கூட்டத்துக்கு வருகிறவரிடம் தயவுசெய்து இதைக் கேட்காதீர்கள். ஆதார் எண் வாங்கி நோட்டில் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் போகும் ஒரு போட்டோவால் அவருடைய தங்கச்சியின் கல்யாணப் பேச்சே நின்றுபோகலாம்.

சட்டத்தைச் சொல்லிப் பயமுறுத்துவதும் தவறு, ஒன்றும் ஆகாது என்று தைரியம் சொல்வதும் தவறு. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் 27-ஆவது பிரிவில், பயன்படுத்தினாலே ஆறு மாதம் வரை, ஹெராயின் போன்றவற்றுக்கு ஒரு வருடம் வரை சிறை உண்டு. அதே சட்டத்தின் 64ஏ பிரிவில், பயன்படுத்தியதற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு வந்தவர், தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற இடத்தில் சிகிச்சை எடுத்தால் விலக்கு உண்டு. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அது பறிபோகலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

எனக்கு அதிகம் வலிப்பது அடுத்த விஷயம். வீட்டார் ஆளைக் கட்டித் தூக்கிப்போய் ஏதோ ஒரு போதை மறுவாழ்வு மையத்தில் போடுகிறார்கள். 2001-இல் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகினார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியில் கட்டுவதைத் தடை செய்கிறது. போதைப் பழக்கத்தோடு வரும் மனநிலைப் பாதிப்புகளும் அந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. மையத்திலிருந்தோ பாளையங்கோட்டை ஜெயிலிலிருந்தோ திரும்பும்போது உடம்பு பழைய அளவைத் தாங்காது. ஹெராயினோ வலி மாத்திரைக் கரைசலோ முன்பு போட்ட அளவில் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். இதை வெளியே வரும் அன்றே சொல்லியாக வேண்டும். யாராவது மயங்கிக் கிடந்தால் போலீசுக்குப் பயந்து ஓடிவிடாமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

அப்புறம் மனு. திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் "போதையை ஒழியுங்கள்" என்று கொடுத்தால் ரெய்டுதான் வரும். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில், ஹெராயின் போன்றவற்றுக்குப் பதிலாகச் சிகிச்சையில் கொடுக்கும் புப்ரினார்பின் மருந்து தடங்கலில்லாமல் கிடைக்க வேண்டும், ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி பரிசோதனைக்கு வருகிறவரைத் தரக்குறைவாகப் பேசக்கூடாது, ஊசி வாங்க வருகிறவரை வாசலில் மடக்கிப் பிடிக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். 2017-ஆம் ஆண்டு எச்ஐவி சட்டம் புது ஊசி கொடுப்பது போன்ற தடுப்பு வேலைகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. மனுவில் அதையும் சேர்த்து, பயன்படுத்துகிறவர் கையாலேயே எழுதவையுங்கள்.