ஜர்னலை அலங்கரிக்கப் பேனாவும் ஹைலைட்டரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நாட்குறிப்பாக வைத்திருக்கும் என் ஜர்னலில், புது மாதத்தின் முதல் பக்கத்தில், கறுப்பு ஜெல் பேனாவால் மாதத்தின் பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதி, ஒவ்வொரு எழுத்தையும் இரண்டு மூன்று முறை தடித்து, விரலால் தொட்டுப் பார்த்து, மை ஒட்டவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே அதன்மேல் வெளிர் பச்சை ஹைலைட்டரை இழுத்தேன். முதல் எழுத்தைத் தாண்டுவதற்குள்ளேயே கறுப்பு மை ஹைலைட்டரோடு சேர்ந்து வலப்பக்கம் இழுபட்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் சாம்பல் நிறத்தில் ஒரு வால் முளைத்துவிட்டது. ஹைலைட்டரின் முனையும் கறுத்துப்போனதால், அடுத்து வெற்றிடத்தில் இழுத்த கோடுகூட அழுக்குப் பச்சையாகத்தான் விழுந்தது. அதன் பிறகு கையில் இருந்த எல்லாப் பேனாக்களையும் எல்லா ஹைலைட்டர்களோடும் சேர்த்துச் சோதித்துப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். பேனாவையும் ஹைலைட்டரையும் தனித்தனியே நல்லதாகப் பார்த்து வாங்கினால் போதாது. இரண்டும் ஒன்றோடொன்றும் உங்கள் தாளோடும் ஒத்துப்போக வேண்டும்.

படி 1: முதலில் தாளைப் பாருங்கள்

பல நோட்டுகளின் அட்டையிலோ உறையிலோ ஜிஎஸ்எம் என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பதை அது குறிக்கிறது. 80 ஜிஎஸ்எம் தாளில் ஜெல் பேனாவும், மெல்லிய நார் முனை கொண்ட ஃபைன்லைனர் பேனாவும் பெரும்பாலும் சிக்கலின்றி எழுதும். ஆனால் மறுபக்கத்தில் எழுத்தின் நிழல் தெரியும். தூரிகை போல வளையும் முனை கொண்ட பிரஷ் பேனாவும் ஹைலைட்டரும் நிறையப் பயன்படுத்துவீர்கள் என்றால் 100 அல்லது 120 ஜிஎஸ்எம் தாளுக்குச் செல்வது நல்லது. எடை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடாது என்பதற்கு டோமோயே ரிவர் என்ற மெல்லிய ஜப்பானியத் தாள் நல்ல சான்று. அது 52 ஜிஎஸ்எம் மட்டுமே இருந்தும் மையை மறுபக்கத்துக்கு ஊற விடாது. ஆனால் மையை உறிஞ்சாமல் மேற்பரப்பிலேயே வைத்திருப்பதால் காய்வதற்கு நெடுநேரம் எடுக்கும்.

படி 2: எழுதும் பேனாவின் மையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பேனா மைகள் பெரும்பாலும் இரண்டு வகை. சாய மையில் நிறம் நீரில் முழுமையாகக் கரைந்திருப்பதால், காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மீண்டும் கரைந்து படரக்கூடும். நிறமி மையில் நுண்ணிய நிறத் துகள்கள் மிதக்கின்றன. நீர் காய்ந்ததும் அவை தாளின் இழைகளில் படிந்துவிடுவதால் தண்ணீருக்கும் வெளிச்சத்துக்கும் எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. ஹைலைட்டரில் இருப்பது பெரும்பாலும் நீர் சார்ந்த திரவம் என்பதால், அதன் அடியில் இருக்க வேண்டியது நிறமி மைதான்.

என்னுடைய தேர்வு சகுரா நிறுவனத்தின் பிக்மா மைக்ரான் என்ற நிறமி மை ஃபைன்லைனர். அதில் 01 என்பது 0.25 மி.மீ., 05 என்பது 0.45 மி.மீ. கோடு போடும். தொடக்கத்தில் இந்த இரண்டு அளவுகளே போதும்: கட்டங்களுக்கும் சிறு எழுத்துக்கும் 01, தலைப்புகளுக்கு 05. மிக மெல்லிய 005 அழகாக இருந்தாலும், அழுத்தி எழுதும் பழக்கம் உள்ளவர்களின் கையில் அதன் முனை விரைவில் உள்ளே அமுங்கிவிடும். ஸ்டெட்லரின் பிக்மென்ட் லைனரும் இதே வேலையை நன்றாகச் செய்கிறது. நீளமாக எழுத பால்பாயின்ட் பேனாவே உங்களுக்கு வசதி என்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். அதன் மை எண்ணெய் சார்ந்தது என்பதால் ஹைலைட்டரின் ஈரத்துக்குப் பெரும்பாலும் கரையாது.

சூட்டில் அழியும் பைலட் ஃப்ரிக்‌ஷன் போன்ற பேனாக்களை, பல ஆண்டுகள் வைத்திருக்க நினைக்கும் ஜர்னலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அந்த மை ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் நிறமிழந்துவிடும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் நோட்டை விட்டுவிட்டால் பக்கங்கள் வெறுமையாகிவிடலாம். பென்சில் கோட்டுக்குப் பதிலாக மாதிரிக் கோடு போட்டுக்கொள்ள மட்டும் அது உதவும்.

படி 3: சோதனைக் கட்டம்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிச் செல்லாதீர்கள். என் முதல் பக்கம் பாழானது இதைச் செய்யாததால்தான்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வரையுங்கள். ஒவ்வொரு பேனாவுக்கும் ஒரு வரிசை. மேலே வலப்பக்கமாக 30 நொடி, 2 நிமிடம், 10 நிமிடம், மறுநாள் என்று நான்கு பத்திகள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு எழுத்துகள் எழுதுங்கள்: ஒன்று சாதாரணமாக ஒரே கோட்டில், மற்றொன்று தலைப்பில் எழுதுவதைப் போல மூன்று முறை தடித்து. குறித்த நேரம் ஆனதும் இரண்டின் மேலும் ஹைலைட்டரை ஒரே ஒரு முறை, அழுத்தாமல் இழுங்கள்.

தடித்த எழுத்து ஏன் வேண்டும் என்றால், நான் ஏமாந்தது அங்கேதான். ஒரே கோட்டில் எழுதியது 30 நொடியிலேயே அசையாமல் நின்றது. அதே பேனாவால் தடித்தது 10 நிமிடத்துக்குப் பிறகும் இழுபட்டது. ஒரே இடத்தில் பல முறை மை விழும்போது அது தாளுக்குள் போக இடமில்லாமல் மேலே படலமாகத் தேங்குகிறது. படலத்தின் மேற்புறம் முதலில் காய்ந்துவிடுவதால் விரலில் ஒட்டாது. அடியில் ஈரம் அப்படியே இருக்கும். ஜெல் பேனாக்களில் நிறமி மை கொண்டவையும் உண்டு. அவையும் இப்படித் தடித்து எழுதினால் முழுவதும் காயும்வரை இழுபடும். ஆகவே, பேனாவின் உறையில் ‘நீரில் கரையாத மை’ என்று எழுதியிருப்பதை நம்பி அவசரப்படக் கூடாது.

ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் ஹைலைட்டரின் முனையை ஒரு வீண் தாளில், நிறம் சுத்தமாக வரும்வரை தேய்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் முந்தைய பேனாவின் மை அடுத்த கட்டத்தில் விழுந்து முடிவைக் குழப்பும். கடைசியாகப் பக்கத்தைத் திருப்பி, எந்தக் கட்டத்தில் வெறும் நிழல் தெரிகிறது, எதில் மையே ஊறி வந்திருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பேனாவும் தேறாவிட்டால் வரிசையை மாற்றுங்கள்: முதலில் ஹைலைட்டர், அது நன்றாகக் காய்ந்த பிறகு எழுத்து. இப்போது என் தலைப்புகள் அனைத்தையும் இப்படித்தான் செய்கிறேன். நிறப்பட்டையின் மேல் எழுதும்போது எழுத்தின் விளிம்பும் கூர்மையாக நிற்கிறது.

படி 4: ஹைலைட்டரின் நிறம்

பாடப் புத்தகத்தில் கண்ணைப் பறிக்கும் ஒளிர் மஞ்சள் பயன்படும். அலங்காரத்துக்கு ஜீப்ரா மைல்ட்லைனர் போன்ற அடக்கமான நிறங்களே எனக்குப் பிடித்தவை. ஒரு முனை உளி போலவும் மறு முனை மெல்லியதாகவும் இருப்பதால் பட்டையும் அடிக்கோடும் ஒரே பேனாவில் முடிந்துவிடும். ஒளிர் நிறங்கள் வெளிச்சத்தில் விரைவாக மங்கும் என்பது இன்னொரு காரணம். ஒன்றோடொன்று பொருந்தும் மூன்று நிறங்களும் ஒரு சாம்பல் நிறமும் வாங்கினால் ஒரு மாதத்துக்குத் தாராளம். முப்பது நிறப் பெட்டியை முதலிலேயே வாங்கினால் பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறி, நோட்டு முழுவதும் ஒன்றோடொன்று சேராமல் போகும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் தாளின் இழைகள் திரிதிரியாக எழும்பிவிடும். அடர்த்தி வேண்டுமென்றால் முதல் பட்டை காய்ந்த பிறகு ஒரு முறை மட்டும் மேலே செல்லுங்கள்.

படி 5: பிரஷ் பேனாவும் வெள்ளைப் பேனாவும்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு டோம்போ ஃபுடெனோசுகே பிரஷ் பேனாவின் கடின முனை வகையே ஏற்றது. மேலே செல்லும் கோட்டை மெல்லியதாகவும் கீழே இறங்குவதைத் தடிமனாகவும் கைக்குள் வைத்துக்கொள்ள அது உதவும். டோம்போ டூயல் பிரஷ் பேனாவில் இருப்பது நீரில் கரையும் சாயம். நிறங்களைக் குழைத்துத் தீட்ட அது அருமையானது. ஆனால் அதன்மேல் ஹைலைட்டரை இழுக்காதீர்கள். ஆல்கஹால் மார்க்கர்கள் ஏறக்குறைய எந்த ஜர்னல் தாளையும் ஊடுருவி மறுபக்கம் வந்துவிடுவதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

வெள்ளை ஜெல் பேனாவால் நிறப்பட்டையின் மேல் புள்ளிகளும் ஒளிக்கோடுகளும் இடலாம். அடியில் இருக்கும் பட்டை முழுவதும் காய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை அந்த நிறத்தை உறிஞ்சி மங்கிவிடும்.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் இடக்கையால் எழுதுகிறவர்கள். ஹைலைட்டர் வருவதற்கு முன்பே தங்கள் உள்ளங்கை மையை இழுத்துவிடுகிறது என்றார்கள். அவர்களுக்கு விரைவில் காயும் ஜெல் பேனாக்களான பென்டெல் எனர்ஜெல் அல்லது ஜீப்ரா சரசா டிரை பொருந்தும். ஆனால் உள்ளங்கைக்கு முன் காய்ந்துவிடுவது ஒன்று, ஹைலைட்டரின் ஈரத்தைத் தாங்குவது இன்னொன்று. சோதனைக் கட்டத்தில் அவற்றுக்கும் ஒரு வரிசை ஒதுக்குங்கள்.

ஹைலைட்டருக்கு மேல் எழுதியபோது ஃபைன்லைனரின் முனை அடைத்துக்கொண்டதாகவும் சிலர் சொன்னார்கள். பட்டை ஈரமாக இருக்கும்போதே எழுதினால் ஊறிய இழைகளை முனை வாரிக்கொள்ளும். வீண் தாளில் முனையைச் சாய்த்து, மை சீராக வரும்வரை மெதுவாகச் சுழித்துப் பாருங்கள். அழுத்தித் தேய்த்தால் முனை வளைந்துவிடும்.