வாசாலோப்பெத்: 90 கிலோமீட்டர் பனிச்சறுக்கு மாரத்தானுக்கு முதல்முறை தயாராவது எப்படி?

சுவீடனின் தாலார்னா மாகாணத்தில், மார்ச் மாத முதல் ஞாயிறன்று காலை 8 மணிக்கு, ஆயிரக்கணக்கானோர் ஒரே வெளியில் வரிசையாக நின்று ஒன்றாகப் புறப்படுகிறார்கள். சேலன் கிராமப் பகுதியிலிருந்து மூரா நகரம் வரை 90 கிலோமீட்டர் தூரத்தைப் பனித்தடத்தில் சறுக்கியே கடக்க வேண்டும். இதுதான் வாசாலோப்பெத். பதிவுக்கு 15,800 இடங்கள் உண்டு. அவர்களில் தொழில்முறை வீரர்கள் சொற்பம். மீதிப்பேர் வார நாள்களில் வேலைக்குப் போய்விட்டு மாலையில் பயிற்சி செய்பவர்கள். இந்தக் கட்டுரை அவர்களோடு சேர நினைப்பவர்களுக்கு.

கதை 1520ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் தொடங்குகிறது. டென்மார்க் மன்னனின் ஆட்களிடமிருந்து தப்பிவந்த குஸ்தாவ் வாசா, மூரா மக்களிடம் கிளர்ச்சிக்கு ஆதரவு கேட்டார். அவர்கள் தயங்கவே, நார்வே எல்லையை நோக்கிக் கிளம்பிவிட்டார். பிறகு மனம் மாறிய ஊரார் இருவரைச் சறுக்குப் பலகைகளில் அனுப்பி, சேலன் அருகே அவரைப் பிடித்துத் திரும்ப அழைத்துவந்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 1523இல் அவர் சுவீடனின் மன்னரானார். 1922இல் நடந்த முதல் பந்தயத்தில் 119 பேர் புறப்பட்டார்கள்; 22 வயது எர்ன்ஸ்ட் ஆல்ம் 7 மணி 32 நிமிடம் 49 விநாடியில் வென்றார். அடுத்த ஆண்டே மார்கித் நோர்தின் என்ற பெண் முழுத் தூரத்தையும் கடந்தார். அதற்குப் பரிசுபோல 1924இல் பெண்களுக்குத் தடை விதித்தார்கள். அது நீங்க 1981 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்று முன்னணி வீரர்கள் நான்கு மணி நேரத்துக்குள் முடித்துவிடுவதைப் பார்த்து மலைக்க வேண்டாம். நன்றாகப் பராமரித்த தடமும் இலகுவான பலகையும் உங்களுக்கும் கிடைக்கின்றன. முதல்முறை போகிறவருக்கு ஒன்பது முதல் பதினொரு மணி நேரம் நியாயமான இலக்கு.

படி 1: எந்தப் பந்தயம் என்று முடிவுசெய்யுங்கள்

நேராக 90 கிலோமீட்டரில் குதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பிரதான பந்தயத்தையொட்டிய நாள்களில் 45 கிலோமீட்டர் ஹால்வ்வாசான், பெண்களுக்கென்றே 30 கிலோமீட்டர் த்யேய்வாசான் ஆகியவையும் நடக்கின்றன. இரண்டும் மூராவில்தான் முடிகின்றன. முழுத் தூரமும் வேண்டும், நெரிசல் வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு வாரம் முன்னதாக நடக்கும் ‘எப்பெத் ஸ்போர்’ இருக்கிறது. அதே தடம், வழியில் உணவு தரும் அதே சாவடிகள். தள்ளுமுள்ளு மட்டும் குறைவு. என்னைக் கேட்டால், முதல் குளிர்காலத்தில் 45, இரண்டாவதில் எப்பெத் ஸ்போர், மூன்றாவதில் பெரிய ஞாயிறு. முதல் ஆண்டிலேயே 90 போனவர்களும் முடித்திருக்கிறார்கள்; ஆனால் அவர்களில் பலர் மறுபடி அந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை.

பிரதான பந்தயத்துக்கான இடங்கள் பதிவு திறந்ததும் வேகமாகத் தீர்ந்துவிடும். முந்தைய பந்தயத்தில் எடுத்த நேரத்தை வைத்து உங்களைப் பத்துப் புறப்பாட்டுக் குழுக்களில் ஒன்றில் சேர்ப்பார்கள். நேரம் எதுவும் காட்ட முடியாதவர் கடைசிக் குழுவில் நிற்க வேண்டும். குளிர்காலத் தொடக்கத்தில் தகுதிக் கணக்கில் வரும் சிறு பந்தயம் ஒன்றில் ஓடி, ஓரிரு குழுக்கள் முன்னேறப் பாருங்கள். பலன் முதல் மேட்டிலேயே தெரியும்.

நார்வேயிலோ சுவிட்சர்லாந்திலோ வாழும் தமிழர்களுக்கு வீட்டருகிலேயே வாய்ப்பு உண்டு. நார்வேயின் ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கிலோமீட்டர் பிர்க்கபைனர் பந்தயத்தில் 3.5 கிலோ பையை முதுகில் சுமந்தாக வேண்டும். சுவிட்சர்லாந்தின் எங்கடின் பள்ளத்தாக்கின் 42 கிலோமீட்டர் மாரத்தான் உறைந்த ஏரிகளின் மேல் போகும் தட்டையான பாதை. ஸ்கேட்டிங் முறையில், அதாவது பலகைகளை V வடிவில் விரித்துப் பக்கவாட்டில் தள்ளி ஓடுபவர்களுக்கு ஏற்றது. வாசாலோப்பெத்தில் ஸ்கேட்டிங்குக்கு இடமில்லை, பலகைகளை இணையாகத் தடத்துக்குள் வைத்துப் போகும் கிளாசிக் முறை மட்டும்தான். இனி சொல்வதெல்லாம் கிளாசிக் முறைக்கே.

படி 2: பலகை, கோல், காலணி

காலணியின் முனை மட்டும் பலகையில் பிணைந்திருக்கும், குதிகால் எழும்பும். மலைச்சரிவில் இறங்கும் கனத்த பலகைகளுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமே இல்லை.

பலகையைத் தேர்வதில் உயரத்தைவிட எடை முக்கியம். கிளாசிக் பலகை வில்போல வளைந்திருக்கும். இரு கால்களிலும் சமமாக நிற்கும்போது நடுப்பகுதி தரையைத் தொடக்கூடாது. ஒற்றைக்காலில் முழு எடையையும் போட்டால் தொட வேண்டும். கடையில் சோதிப்பது எளிது. சமதளத்தில் இரு பலகைகளிலும் நின்று, காலடிக்குக் கீழே ஒரு தாளை நுழையுங்கள். தாள் முன்னும் பின்னும் தாராளமாக நகர வேண்டும். எடையை ஒரே காலுக்கு மாற்றினால் தாள் இறுகச் சிக்க வேண்டும். சிக்கவில்லையென்றால் பலகை உங்களுக்கு மிகவும் விறைப்பானது, ஏற்றத்தில் வழுக்கும். எப்போதும் சிக்கியே இருந்தால் மிகவும் தளர்வானது, சமதளத்தில் இழுக்கும். விற்பனையாளர் பலகையின் விலையைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இதைச் செய்துவிடுங்கள்.

கோலின் நீளத்துக்கு விதி உண்டு: கிளாசிக் போட்டிகளில், காலணியோடு அளந்த உயரத்தில் 83 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்கிறது சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பு. காலணியோடு 170 சென்டிமீட்டர் இருப்பவருக்கு 141.

படி 3: பிடிமானம்

இந்தப் பந்தயத்தின் ஆரம்பக்காரர்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

முன்னணி வீரர்கள் காலடியில் பிடிமான மெழுகே போடுவதில்லை. அடிப்பாகம் முழுவதும் வழுக்கும் மெழுகு. இரு கோல்களையும் ஒருசேர ஊன்றித் தள்ளியே 90 கிலோமீட்டரையும் கடக்கிறார்கள். அவர்களுக்கு அது கட்டுப்படியாகும். தோளையும் வயிற்றையும் அதற்கென்றே பல ஆண்டுகள் உருவாக்கியவர்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வெற்றுப் பலகையோடு வருகிறவர், ஐம்பதாவது கிலோமீட்டரில் முழங்கை மடங்க மறுத்து நிற்பார். காலால் உதைத்து ஏற வழியில்லை, கையில் பலமும் இல்லை. தயவுசெய்து பிடிமானத்தோடு போங்கள்.

அது வேலை செய்யும் விதம் இதுதான். காலால் உதைக்கும் கணத்தில் வளைந்த நடுப்பகுதி பனியில் அழுந்துகிறது. பனித்துகள்களின் கூர்முனைகள் மெழுகில் குத்தி நிற்கின்றன. பலகை நழுவாமல் உடம்பு முன்னே போகிறது. எடை விலகியதும் நடுப்பகுதி மேலெழுந்து, வழுக்கும் முனைகள் மட்டும் பனியில் ஓடுகின்றன. பனி கடுங்குளிரில் கூர்மையாக இருந்தால் கெட்டி மெழுகு போதும். வெதுவெதுப்பில் துகள்கள் மழுங்கிவிட்டால் மிருதுவான மெழுகு தேவை.

மெழுகுக் குச்சிகளுக்கு நிறம் உண்டு. பொதுவாகப் பச்சை கடுங்குளிருக்கு, நீலம் சாதாரண உறைநிலைக் குளிருக்கு, ஊதா பூஜ்யத்தையொட்டிய வெப்பநிலைக்கு, சிவப்பு அதற்கும் மேல். ஒவ்வொரு குச்சியிலும் வெப்பநிலை வரம்பு அச்சிட்டிருக்கும். மனப்பாடம் செய்ய வேண்டாம். உருகி மறுபடி உறைந்து கண்ணாடிபோல் ஆன தடத்துக்குக் குச்சி மெழுகு உதவாது. அதற்குக் கிளிஸ்டர் என்ற பசை. பிடிப்பு அபாரம், ஆனால் கை, கையுறை, கார் இருக்கை எல்லாவற்றிலும் அதுவே இருக்கும்.

பூசும் முறை:

1. பிடிமானப் பகுதி குதிகாலிலிருந்து தொடங்கி, பிணைப்புக்கு முன்னே சில சாண் தூரம்வரை நீளும். கடையில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.
2. அந்தப் பகுதியை மட்டும் நுண்மையான உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். மெழுகு ஒட்ட இது உதவும்.
3. அடிமெழுகை ஒரு பூச்சு இட்டு, இஸ்திரிப்பெட்டியால் இளக்கிப் பரப்பி, ஆறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மெழுகு பாதி வழியிலேயே தேய்ந்துபோகும்.
4. அன்றைய மெழுகைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல மெல்லிய பூச்சுகளாகப் பல முறை இடுங்கள். ஒவ்வொரு பூச்சையும் தக்கையால் தேய்த்து மழமழப்பாக்கிய பிறகே அடுத்தது.
5. வெளியே வைத்துக் குளிரவிட்டுச் சோதியுங்கள். வழுக்கினால் இன்னும் இரண்டு பூச்சு; அப்போதும் வழுக்கினால் மிருதுவான நிறம்.

இதெல்லாம் வேண்டாம் என்றால் ரோமப்பட்டை பொருத்திய பலகை வாங்குங்கள். நடுப்பகுதியில் மோஹேர் என்ற ஆட்டு ரோமப் பட்டை ஒட்டியிருக்கும். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். சற்றே வேகம் குறையும். பூஜ்ய வெப்பநிலையையொட்டிய குழப்பமான பனியிலும் கைவிடாது. அலுவலகம் முடிந்து வந்து பயிற்சி செய்பவருக்கு இதுவே என் பரிந்துரை.

வழுக்கும் மெழுகை ஒரு கடையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: புளோரின் கலந்த மெழுகுகளைச் சர்வதேசக் கூட்டமைப்பு 2023-24 பருவத்திலிருந்து தடைசெய்துவிட்டது. யாராவது பழைய டப்பாவைப் பாசத்தோடு நீட்டினால் மறுத்துவிடுங்கள்.

படி 4: உடம்பைத் தயார்செய்தல்

பனி விழும்வரை காத்திருந்தால் தாமதம். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் சக்கரம் பொருத்திய ரோலர் ஸ்கீயில் சாலைப் பயிற்சி செய்யலாம்; தலைக்கவசம் கட்டாயம், ஏனென்றால் அதில் பிரேக் கிடையாது. அது இல்லாதவர்களுக்குக் கோலோடு மேடேறும் நடையும் உடற்பயிற்சிக் கூடத்தில் இருக்கும் ஸ்கீ இழுவை இயந்திரமும் போதும்.

வாரத்துக்கு மூன்று நாள் கிடைத்தால் இப்படிப் பிரியுங்கள்: ஒரு நாள் நீண்ட, பேசிக்கொண்டே போகும் வேகப் பயிற்சி, ஒரு நாள் இரு கோல் தள்ளுதல், ஒரு நாள் மேடு. நீண்ட பயிற்சியைச் சிறுகச்சிறுகக் கூட்டி நான்கு மணி நேரத்துக்குக் கொண்டுபோங்கள். பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பாவது 40 அல்லது 50 கிலோமீட்டர் ஒரே மூச்சில் பனியில் போய்ப் பாருங்கள்.

இரு கோல் தள்ளுதலில் கைவலிமையைவிட உடல் எடை வேலை செய்ய வேண்டும். கணுக்காலிலிருந்து முன்சாய்ந்து, கோலை ஊன்றி, வயிற்றை மடக்கி அழுத்துங்கள். முழங்கை மடங்கிய கோணம் தொடக்கத்தில் குலையக்கூடாது. கை தொடையைத் தாண்டியதும் முடித்து நிமிருங்கள். ஒரு கால் மாற்றி ஒரு கால் உதைத்துச் சறுக்கும் மாறுகால் நடைக்குக் கோலை வைத்துவிட்டு வெறுங்கையோடு பழகுவதே சிறந்த ஆசான்: ஒற்றைக்காலில் எவ்வளவு நேரம் சறுக்க முடிகிறதோ அவ்வளவுதான் உங்கள் சமநிலை.

இறக்கத்தையும் பழகுங்கள். ஒரு பலகையைத் தடத்துக்குள் வைத்து, மற்றதை வெளியே எடுத்துக் குதிகாலை வெளித்தள்ளி அழுத்தினால் வேகம் குறையும். இது கைவந்தால் பாதி பயம் போய்விடும்.

படி 5: பந்தய நாள்

விடியுமுன்னே புறப்பாட்டு வெளிக்குப் போய், உங்கள் குழுவின் தடத்தில் பலகைகளை வைத்து இடம்பிடிப்பதே அங்கே வழக்கம். மாற்றுடை வைத்த பையை மூராவுக்குப் போகும் வண்டியில் ஒப்படையுங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் குளிர வேண்டும். நிற்கும்போதே இதமாக இருந்தால் பத்தாவது நிமிடத்தில் வியர்த்துவிடும், அந்த ஈரம் பிறகு உறையும். உள்ளே கம்பளி, மேலே காற்றுத் தடுக்கும் மெல்லிய சட்டை போதும்.

சற்று தூரம் போனதும் மூன்று கிலோமீட்டர் நீளும் ஏற்றம். தடங்கள் அங்கே குறுகி, எல்லோரும் நின்று நின்று நகர்கிறார்கள். கோல் முறிவது அதிகமும் இங்கேதான். உங்கள் கோல்முனையை உடம்போடு ஒட்டி ஊன்றுங்கள், முன்னால் இருப்பவரின் பலகைமேல் ஏறாதீர்கள், ஓரத்தில் முந்தப் பார்க்காதீர்கள். அங்கே இழக்கும் அரை மணி நேரம் யாருக்கும் திரும்ப வராது. விரட்டிப் பிடிக்க நினைப்பவர்தான் மதியத்தில் படுத்துவிடுகிறார்.

மேட்டைத் தாண்டியபின் சாவடிகளாக எண்ணிப் போங்கள்: ஸ்மோகன், மோங்ஸ்பூதார்னா, ரிஸ்பெர்க், எவெர்ட்ஸ்பெர்க், ஆக்ஸ்பெர்க், ஹேக்பெர்க், எல்த்ரிஸ். எவெர்ட்ஸ்பெர்க் 47ஆவது கிலோமீட்டர், பாதி முடிந்தது. அங்கே களைப்பாக இருந்தாலும் கை கால் இயங்கினால் கணக்கு சரி. ஒவ்வொரு சாவடியிலும் நேர வரம்பு உண்டு, தவறினால் கயிறு கட்டி நிறுத்திவிடுவார்கள். அந்த ஆண்டின் வரம்புகளைச் சிறு தாளில் எழுதிக் கோலில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

சாவடிகளில் சூடான புளுபெரி சூப்பும் இனிப்பு பன்னும் தருவார்கள். இந்தப் பந்தயத்தின் அடையாளமே அந்த ஊதா நிறச் சூப்தான். பலருடைய சட்டையிலும் அது தெரியும். பசிக்கும்வரை காத்திருக்காமல் முதல் சாவடியிலிருந்தே குடியுங்கள். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது நல்ல இலக்கு, அதைப் பயிற்சியிலேயே வயிற்றுக்குப் பழக்கியிருக்க வேண்டும். மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டுகளை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள், வெளியே வைத்தால் உறைந்துவிடும். ஏழு சாவடிகளிலும் ஐந்து நிமிடம் நின்றால் 35 நிமிடம் போயிற்று என்பதையும் நினைவில் வையுங்கள். பிடிமானம் தேய்ந்திருந்தால் மட்டும் தாராளமாக நில்லுங்கள். சாவடிகளில் மெழுகு பூசித் தரும் சேவை கிடைக்கும், அந்த நேரம் அடுத்த மேட்டிலேயே திரும்பக் கிடைத்துவிடும்.

வென்றவரின் நேரத்தைவிட ஒன்றரை மடங்குக்குள் முடிப்பவர்களுக்கே பதக்கம். முதல்முறை அதை மறந்துவிடுங்கள்.

மூராவில் முடிவுக்கோட்டைக் கடந்ததும் முதல் வேலை, ஈர உடையை மாற்றுவது. படம் எடுப்பது அதற்குப் பிறகு. வீடு திரும்பியதும் மிச்சப் பிடிமான மெழுகைச் சுரண்டிக் கரைப்பானால் துடையுங்கள். வழுக்கும் பகுதியில் புது மெழுகைத் தடிமனாக உருக்கிவிட்டு, சுரண்டாமல் அப்படியே வெயில் படாத இடத்தில் வையுங்கள். அடிப்பாகம் கோடையில் காய்ந்துபோகாது. சுரண்டும் வேலையை முதல் பனி விழும் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.