மருவா, கால் ஆணியா, பாலுண்ணியா? அடையாளம் கண்டு கரைக்கும் முறை

மருந்துக்கடையில் "மருவுக்கு ஏதாவது கொடுங்க" என்று கேட்டால் சின்ன பாட்டில் ஒன்று கைக்கு வரும். எங்கே வைப்பது, எப்படி வைப்பது, எத்தனை நாள் வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பத்து நாள் தடவிப் பார்த்துவிட்டு "ஒண்ணும் கேட்கல" என்று தூக்கிப் போடுபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் மருந்தில் குறை இருக்காது. தடவுவதற்கு முன் தேய்க்க வேண்டியதைத் தேய்த்திருக்க மாட்டார்கள், அல்லது அது மருவாகவே இருந்திருக்காது.

முதலில் அது மருதானா?

மரு என்பது எச்.பி.வி. எனப்படும் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் மேல்தோலில் நுழைந்து தோலைத் தடிக்க வைப்பது. கழுத்திலும் அக்குளிலும் காம்போடு தொங்கும் மெத்தென்ற சதை இந்த வகையில் சேராது. அது ஒட்டாது, பரவாது. உடல் எடை கூடியவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அதிகம் வரும். அதற்கு அமிலம் வைத்தால் சுற்றியிருக்கும் தோல்தான் வேகும். கன்னத்திலும் கண்ணோரத்திலும் நடு வயதில் வரிசையாக முளைக்கும் சிறு கரும்புள்ளி மேடுகளும் மரு அல்ல, அவற்றையும் விட்டுவிடுங்கள். பிள்ளைகள் உடம்பில் வழவழப்பாக, நடுவில் சிறு குழியோடு வரும் கொப்புளத்தைப் பல வீடுகளில் பாலுண்ணி என்கிறார்கள். அதற்குக் காரணம் அம்மை இனத்தைச் சேர்ந்த வேறொரு வைரஸ். கிள்ளாமல் விட்டால் பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

சரி, மரு எப்படி இருக்கும்? விரலிலும் புறங்கையிலும் வருவது சொரசொரப்பாக, காலிஃபிளவர் பூவைப் போல் மேலே வெடித்திருக்கும். உற்றுப் பார்த்தால் குண்டூசி முனை அளவில் கரும்புள்ளிகள் தெரியும். இதைத்தான் "வேர்" என்று நினைத்துப் பலர் ஊசியால் தோண்டுகிறார்கள். மருவுக்கு வேர் கிடையாது. அந்தப் புள்ளிகள் ரத்தம் உறைந்த நுண்குழாய்கள். தோண்டினால் ரத்தம் வரும், வைரஸ் பக்கத்துத் தோலுக்கும் பரவும்.

நெற்றி, கன்னம், புறங்கையில் 1 முதல் 5 மி.மீ. அளவில் தட்டையாக, கூட்டமாக வருவது தட்டை மரு. ஷேவிங் செய்யும் தடத்திலோ சொறிந்த தடத்திலோ கோடு போட்டதுபோல் வரிசையாக நின்றால் அதுதான் என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். இமையிலும் உதட்டோரத்திலும் மெல்லிய இழையாக நீட்டிக்கொண்டிருப்பது இன்னொரு வகை. இந்த இரண்டையும் வீட்டில் தொடாதீர்கள். முகத்துக்கு அமில மருந்து கூடவே கூடாது.

உள்ளங்கால்: குழப்பம் இங்கேதான்

உள்ளங்காலில் வரும் மரு உடம்பின் பாரத்தில் உள்ளே அழுந்தி, மேலே தடித்த தோல் மூடிவிடுவதால் பார்க்கக் கால் ஆணி மாதிரியே இருக்கும். மூன்று சோதனைகள் செய்து பாருங்கள்.

முதலில் குளித்த பிறகு நல்ல வெளிச்சத்தில் செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பாருங்கள். விரலில் கைரேகை ஓடுவதுபோல் பாதத்திலும் ரேகை உண்டு. ஆணியின் மேல் அந்த ரேகை தொடர்ந்து ஓடும். மருவில் ரேகை விளிம்போடு நின்றுவிடும், அல்லது விலகிச் சுற்றிக்கொண்டு போகும். அடுத்து, இரு பக்கமும் விரல் வைத்துக் கிள்ளிப் பாருங்கள். மரு என்றால் சுள்ளென்று வலிக்கும். ஆணிக்கு நேராக அழுத்தினால்தான் வலி. பெரிய மரு அழுத்தினாலும் வலிக்கும் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். மூன்றாவதாக, மேல்தோலை மெல்லத் தேய்த்துப் பாருங்கள். மருவில் கரும்புள்ளிகள் வெளிவரும். ஆணியில் புள்ளியே இருக்காது, நடுவில் கெட்டியான மங்கலான கரு ஒன்றுதான் தெரியும்.

ஆணிக்குக் காரணம் செருப்பின் உரசல். செருப்பை மாற்றாமல் எந்த மருந்து வைத்தாலும் திரும்ப வரும்.

வாங்க வேண்டியவை

சாலிசிலிக் அமிலம் 16.7 சதவீதம், லாக்டிக் அமிலம் 16.7 சதவீதம், கொலோடியனில் (காய்ந்ததும் படலமாகும் பசைத் திரவம்) கரைத்தது என்று லேபிளில் இருக்கும் திரவ மருந்து. நகம் தேய்க்கும் அட்டை அரம், வாசலின், பல்குத்தும் குச்சி, மைக்ரோபோர் டேப். பாதம் தேய்க்கும் கல்லைவிட அட்டை அரமே மேல். கல்லின் துளைகளில் வைரஸ் தங்கும், வீட்டில் நாலு பேர் அதையே எடுப்பார்கள். அரத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்து, தேய்ந்ததும் எறிந்துவிடலாம். பிளேடு வேண்டவே வேண்டாம்.

சர்க்கரை நோய், கால் மரத்துப்போதல், காலில் ரத்த ஓட்டக் குறைவு இருப்பவர்கள் இதை வீட்டில் செய்யக் கூடாது. அவர்களுக்கு ஒரு சின்னப் புண்ணே பெரிதாகிவிடும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளுக்குப் போட நினைப்பவர்களும் மருத்துவரைக் கேட்டபின்தான் தொடங்க வேண்டும். மச்சம், முடி முளைத்த மேடு, புண்பட்ட தோல், பிறப்புறுப்பு ஆகியவற்றில் இதை வைக்கவே கூடாது.

செய்முறை, தினமும் இரவில்

1. வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள்.

2. முந்தின நாள் மருந்து வெள்ளைப் படலமாகக் காய்ந்திருக்கும். அதை உரித்து எடுங்கள். பலர் அதன் மேலேயே மறுபடி தடவுகிறார்கள். அப்போது மருந்து மருந்தின் மேல்தான் உட்காருகிறது, தோலைத் தொடுவதே இல்லை.

3. இப்போது தேய்ப்பு. எல்லாம் தங்கியிருப்பது இந்தப் படியில்தான். மருவின் மேல் இருப்பது செத்த தோல். அமிலம் அதை இளக்கும், ஆனால் இளகியதை நீங்கள்தான் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அடியில் உயிரோடிருக்கும் மருவுக்கு மருந்து போய்ச் சேராது. ஊறி வெளுத்து மாவாக வருகிறவரை தேயுங்கள். இளஞ்சிவப்பு தெரிந்தாலோ லேசாகக் கூசினாலோ நிறுத்துங்கள். ரத்தம் வரும் அளவுக்குத் தேய்த்தால் இரண்டு மூன்று நாள் மருந்து போட முடியாது, நஷ்டம் உங்களுக்குத்தான்.

4. நன்றாகத் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தில் மருந்து ஒட்டாது.

5. மருவைச் சுற்றி நல்ல தோலில் வாசலின் பூசுங்கள். மருவின் மேல் படக்கூடாது.

6. பாட்டிலோடு வரும் பிரஷ் பெரும்பாலும் மருவைவிடப் பெரிது. பல்குத்தும் குச்சியால் ஒரு சொட்டு எடுத்து வையுங்கள், காய்ந்ததும் இன்னொரு சொட்டு. இந்த மருந்து சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, கொசுவத்தி பக்கத்தில் வேண்டாம்.

7. முழுதாகக் காய்ந்ததும் டேப் ஒட்டுங்கள். மூடி வைத்தால் மருந்து நன்றாக இறங்கும்.

வலி, சிவப்பு, கொப்புளம் வந்தால் இரண்டு மூன்று நாள் விட்டு, ஆறியபின் தொடருங்கள். இதை 12 வாரம் வரை செய்ய வேண்டும். மேடு தட்டையானதும் போய்விட்டது என்று நிறுத்தினால் மாதம் ஒன்றில் அதே இடத்தில் முளைக்கும். கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாமல், தோல் ரேகை தடையில்லாமல் குறுக்கே ஓடினால்தான் முடிந்தது என்று அர்த்தம்.

மருத்துவரிடம் போனால்

12 வாரத்தில் அசையாவிட்டால், வேகமாகப் பரவினால், அடிக்கடி ரத்தம் கசிந்தால், நிறமோ வடிவமோ மாறினால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது வழக்கமான சிகிச்சை. அதன் வெப்பநிலை மைனஸ் 196 டிகிரி. இரண்டு மூன்று வார இடைவெளியில் சில முறை செய்வார்கள். நம் போன்ற கருநிறத் தோலில் அந்த இடம் வெளுத்துப் போகலாம், நிறம் திரும்ப மாதக்கணக்காகலாம். முகத்திலும் புறங்கையிலும் செய்வதற்கு முன் இதைக் கட்டாயம் கேளுங்கள். நிறைய மரு இருந்தால், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தை ஒரே ஒரு மருவுக்குள் செலுத்தும் முறையும் நம் ஊரில் நடக்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தி விழித்துக்கொண்டு தூரத்தில் உள்ள மருக்களையும் சேர்த்து விரட்டும் என்பது அதன் கணக்கு.

பிறப்புறுப்பில் வரும் மருவுக்குப் பெரும்பாலும் 6, 11 வகை எச்.பி.வி.தான் காரணம். கூச்சப்படாமல் காட்டுங்கள், துணையையும் அழைத்துப் போங்கள். இந்த இரு வகைகளோடு கருப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் 16, 18 வகைகளையும் தடுக்கும் தடுப்பூசி இருக்கிறது. இந்தியாவில் தயாரான செர்வாவாக்கும் அந்த நான்கையும் தடுப்பதுதான்.

பிறகு சேர்த்தவை

சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். அது மருவையும் நல்ல தோலையும் சேர்த்துத் தின்னும், ஆழமான தழும்பு விழும். அம்மான் பச்சரிசிப் பால், எருக்கம்பால் இரண்டும் கண்ணில் பட்டால் ஆபத்து. கோயிலில் உப்பும் மிளகும் போடுவதால் எந்தக் கெடுதலும் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே மறைகிறது. அதனால் வலியில்லாத மருவுக்காகக் குழந்தையைப் படுத்த வேண்டியதில்லை.

கால் ஆணிக்கென்று கடையில் விற்கும் மருந்து பிளாஸ்டரான கார்ன் கேப் பற்றி: அதில் இருப்பது 40 சதவீத சாலிசிலிக் அமிலம், உள்ளங்காலின் தடித்த தோலுக்கு மட்டும்தான் பொருந்தும். நடுவில் உள்ள மருந்து வட்டம் மருவைவிடப் பெரிதாக இருந்தால் அளவுக்கு வெட்டி வைத்து, மேலே டேப் போடுங்கள். வியர்வையில் நகர்ந்து நல்ல தோலில் உட்கார்ந்துவிடுவதுதான் அதன் பெரிய தொல்லை.

நகத்தைச் சுற்றி மரு உள்ளவர்கள் நகம் கடிப்பதை நிறுத்தாமல் மருந்து போட்டுப் பயனில்லை. ஒரு விரலில் இருப்பது பத்து விரலுக்கும் போகும், உதட்டுக்கும் வரும்.

பாட்டில் மூடியை இறுக்கி மூடுங்கள். திறந்து கிடந்தால் கரைப்பான் ஆவியாகி மருந்து கோந்தாகிவிடும். அதில் ஸ்பிரிட் ஊற்றி இளக்காதீர்கள், புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.