கத்தரிக்காய் பறிக்கிறதுக்கு முதல் நாளே போனை எடுங்கோ

காயைப் பறிச்சு சாக்கில கட்டி றோட்டோரம் வச்சாப்பிறகு விலை கேட்டு ஒண்டும் செய்யேலாது. எங்கட மாமாவுக்கு மூதூர் பக்கம் கத்தரித் தோட்டம் கிடக்கு. போன வருசம் ஒரு நாள் எட்டுச் சாக்கு கட்டி வச்சிட்டு பின்னேரம்தான் வழக்கமா வாற ஏவாரிக்கு கோல் எடுத்தார், அந்தாள் காலையில மற்றவைக்குச் சொன்ன விலையில பாதிதான் தருவன் எண்டிட்டார், விருப்பமில்லாட்டி வச்சிருங்கோ ஐயா எண்டு. மாமா குனிஞ்சு ஒரு சாக்கை அவிழ்த்து ரெண்டு காயை கையில எடுத்துப் பார்த்தார், காம்பு வாடத் தொடங்கிட்டுது. ஒண்டும் கதைக்காம குடுத்திட்டார். அதுக்குப் பிறகு நாங்கள் செய்து பார்த்து சரிவந்த முறையத்தான் எழுதுறன், திருகோணமலையில தோட்டம் வயல் செய்யிற ஆருக்கும் பொருந்தும்.

முதல்ல விலை எங்க பாக்கிறது எண்டு சொல்லுறன். இலங்கை மத்திய வங்கியிட இணையத்தளத்தில வேலை நாளில தினசரி விலை அறிக்கை போடுவினம், போனிலயே திறக்கலாம். இங்கிலிஷ்லதான் இருக்கும், ஆனா பயப்பிட ஒண்டுமில்லை, வீட்டில படிக்கிற பிள்ளையிட்ட கத்தரிக்காய் எந்த வரி, தம்புள்ள மரக்கறிச் சந்தையிட மொத்த விலை எந்த இடம் எண்டு ஒருக்கா காட்டச் சொல்லிக் கேட்டு வச்சா பிறகு நீங்களே பாப்பீங்கள். கொழும்பு புறக்கோட்டை விலையும் அதிலயே இருக்கும். மொத்த விலையத்தான் பாக்கோணும், சில்லறை விலையைப் பார்த்திட்டு ஏவாரியோட சண்டைக்குப் போகாதேங்கோ. ஹெக்டர் கொப்பேகடுவ கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவகமும் மொத்த விலை வெளியிடுது. பட்டன் போன் வச்சிருக்கிற ஆக்களுக்கு இதெல்லாம் வேண்டாம், தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்தில கடை வச்சிருக்கிற ரெண்டு பேரிட நம்பர் போதும். ரெண்டு பேர், ஒராள் இல்லை. ரெண்டு பேரும் ஒரே மாதிரிச் சொன்னா அது விலை, வித்தியாசமாச் சொன்னா மூண்டாவது ஆளையும் கேளுங்கோ. விடிய இருக்கிற விலை மத்தியானம் இருக்காது, அதால எத்தின மணிக்குக் கேட்டது எண்டதையும் நினைவில வச்சிருங்கோ.

தம்புள்ளையில 180 ரூபா எண்டா உங்கட கைக்கு 180 வராது, இதிலதான் கனபேர் பிழை விடுறது. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறன், விலையெல்லாம் உதாரணத்துக்குத்தான். 400 கிலோ கத்தரிக்காய், தம்புள்ளையில கிலோ 180. கனபேர் சேர்ந்து பிடிச்ச லொறிக்கூலி கிலோவுக்கு 20, சாக்கும் ஏத்துக்கூலியும் 4, அடிபட்டு பழுதாகிறது நூற்றுக்கு அஞ்சு எண்டு வச்சா 9, கடைக்காரர் கொமிஷன் 7. மொத்தம் 40 போக மிச்சம் 140. ஊர் ஏவாரி 115 தாறன் எண்டா கிலோவுக்கு 25 ரூபா வித்தியாசம், 400 கிலோவுக்கு 10,000. அப்ப கொண்டு போகலாம். அவர் 130 தாறன் எண்டா வித்தியாசம் 4,000 தான், கந்தளாய் ஹபரண தாண்டி ராவு முழுக்க நித்திரை முழிச்சுப் போய் வாற அலைச்சலுக்கு நான் எண்டா ஊரிலயே குடுப்பன். இந்தக் கணக்கை கையில வச்சுக்கொண்டு ஏவாரியோட கதைச்சுப் பாருங்கோ, கத்தத் தேவையில்லை, எங்களுக்கு போக்குவரத்து போக இவ்வளவு நிக்குது, நீங்கள் எவ்வளவு தருவீங்கள் எண்டு அமைதியாக் கேட்டாலே விலை கொஞ்சம் ஏறும்.

விலை தெரிஞ்சாலும் விக்கிறதுக்கு வேற ஆள் இல்லாட்டி அந்தத் தகவலால ஒரு சதமும் வராது, எனக்கு இது விளங்க நாள் எடுத்தது. கேரளாவில 1997க்கும் 2001க்கும் இடையில கரையோரத்துக்கு போன் வந்த நேரம் ஜென்சன் எண்ட ஆய்வாளர் மத்தி மீன் பிடிக்கிற ஆக்களைப் பார்த்தார், கடலுக்குள்ள நிண்டே கோல் எடுத்து எந்தக் கரையில வாங்க ஆள் இருக்கு எண்டு கேட்டு அங்க வள்ளத்தை விட்டிருக்கினம், லாபம் சராசரியா 8 வீதம் கூடிச்சுது, மீன் வாங்கிற ஆக்களுக்கும் விலை 4 வீதம் குறைஞ்சுது. அவையிட்ட வள்ளம் இருந்தது, கரையை மாத்தலாம். எங்கட ஆக்கள் விதைக்கும் உரத்துக்கும் அதே ஏவாரியிட்ட முற்காசு வாங்கிட்டா எந்தக் கரைக்கு மாத்திறது? ஏலுமெண்டா முற்காசு வாங்காதேங்கோ, நகை அடகு வச்சா எவ்வளவு வட்டி வரும் எண்டு கணக்குப் பாருங்கோ, ஏனெண்டா ஏவாரியிட வட்டி விலைக்குள்ள ஒளிச்சிருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

அடுத்தது லொறி. எட்டுச் சாக்குக்கு லொறி பிடிச்சா கட்டாது. பக்கத்துத் தோட்டக்காரர் அஞ்சாறு பேர் சேர்ந்து ஒரு வட்ஸ்அப் குறூப் தொடங்குங்கோ, ஆர் என்றைக்கு எத்தின கிலோ பறிக்கிறது எண்டு முதல் நாள் ராவு போட்டா ஒரு லொறி நிறையும், கூலி பங்கு பிரியும். வாசிக்கத் தெரியாத ஆக்கள் வொய்ஸ் போடட்டும், எங்கட குறூப்பில முக்காவாசி வொய்ஸ்தான். குட்மோர்னிங் படம் போட விடாதேங்கோ, விலை போட்ட மெசேஜ் அதுக்குள்ள மேல போய் மறைஞ்சிடும்.

எல்லாப் பயிருக்கும் இது ஒரே அளவா உதவாது. வெண்டிக்காய் ஒரு நாள் விட்டா முத்திப்போகும், காத்திருக்கேலாது. பூசணி, காய வச்ச கச்சான், பிடி கட்டித் தொங்க விட்ட சின்ன வெங்காயம் எண்டா கொஞ்ச நாள் வச்சுப் பார்த்து விக்கலாம், விலைத் தகவலால கூடப் பிரயோசனம் அதுகளுக்குத்தான். நெல்லுக்கும் ஒரு விசயம், மெசினால வெட்டின கையோட ஈரமாக் குடுக்கிற விலையையும் காய்ஞ்ச விலையையும் ரெண்டையும் கேளுங்கோ. ஈரப்பதன் 20 வீதமா இருக்கிற 100 கிலோ நெல்லு 14 வீதத்துக்குக் காய்ஞ்சா 93 கிலோதான் நிக்கும். அப்ப ஈர நெல்லு கிலோ 100 ரூபா எண்டா, காய்ஞ்சது 108க்கு மேல போனாத்தான் காயவைக்கிறதுக்கு அர்த்தம், கூலியும் அதுக்கு மேல.

நோய் பூச்சிக்கு விவசாயத் திணைக்களத்திட 1920 எண்ட நம்பருக்கு கோல் எடுங்கோ, மருந்துக் கடைக்குப் போறதுக்கு முதல். மிளகாய் இலை சுருண்டா அது பனிப்பூச்சியாவும் இருக்கலாம், சிற்றுண்ணியாவும் இருக்கலாம், வைரசாவும் இருக்கலாம், மூண்டுக்கும் ஒரே மருந்தில்லை, வைரசுக்கு மருந்தே இல்லை. வீட்டுக்குள்ள இருந்து எடுக்காம செடிக்குப் பக்கத்தில நிண்டு எடுங்கோ, எந்த இனம், நட்டு எத்தின நாள், சுருள் மேல் பக்கமா கீழ் பக்கமா, இலையைத் திருப்பினா என்ன தெரியுது, என்ன அடிச்சீங்கள் எண்டு அவை கேப்பினம், பார்த்துப் பார்த்துச் சொல்லலாம். பிறகும் விளங்காட்டி ஒரு கொப்பை உடைச்சுக்கொண்டு உங்கட கமநல சேவை நிலையத்துக்குப் போய் விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கோ. டயலொக் சிம் வச்சிருக்கிற ஆக்களுக்கு 2015ல தொடங்கின உழவர் தோழன் எண்ட சேவையும் இருக்கு, சேரமுதல் எவ்வளவு காசு வெட்டும் எண்டு கேட்டிட்டுச் சேருங்கோ. விலை சொல்லுறன், மானியம் தாறன் எண்டு ஆரும் கோல் எடுத்து உங்கட போனுக்கு வந்த ரகசிய இலக்கத்தைக் கேட்டா குடுக்கவே குடுக்காதேங்கோ.

மழைக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தில தமிழிலயே இருக்கு, மருந்து அடிக்கிற நாள், நெல்லு றோட்டில பரப்பிற நாள் ரெண்டுக்கும் கட்டாயம் பாருங்கோ.

கேட்ட விலையை எழுதி வையுங்கோ. மாமா இப்ப கலண்டர் தாளைக் கிழிச்சு எறியிறேல்ல, பின்பக்கத்தில தம்புள்ள விலை, ஊர் விலை, வித்தது எவ்வளவு எண்டு மூண்டு இலக்கம் எழுதி ஆணியில குத்துறார். போன கிழமை அதே ஏவாரி வந்து நிண்டு அந்தத் தாளை எட்டிப் பார்த்திட்டுத்தான் விலை சொன்னவர்.