டோவர் வெள்ளைப் பாறைகள்: ஒரு நாளில் நடந்து பார்ப்பது எப்படி

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையிலுள்ள டோவருக்குப் போகிறவர்களில் பலர் நேரே பாறை உச்சிக்கு ஏறிவிடுகிறார்கள். உச்சியில் நிற்பவருக்குக் காலடியில் இருக்கும் வெள்ளைச் சுவர் தெரியாது. அது தென்கிழக்கைப் பார்த்த சுவர் என்பதால் காலை வெயில்தான் அதன் மேல் நேராக விழும். பிற்பகலில் சுவர் நிழலுக்குள் போய்ப் படத்தில் சாம்பல் நிறமாக வரும். எதிரே பிரான்ஸ் கரை இதற்கு நேர்மாறு. காலையில் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசும், மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் வந்ததும் தெளிவாகத் தெரியும். ஆகவே காலையில் கீழே, பிற்பகலில் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து அதிவேக ரயிலில் டோவர் பிரையரி நிலையத்துக்குச் சுமார் 65 நிமிடம். விக்டோரியாவிலிருந்தோ சாரிங் கிராஸிலிருந்தோ போனால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். நிலையத்திலிருந்து கடற்கரைச் சாலைக்கு இறங்கி, காலை வெளிச்சத்தில் பாறைகளைப் பார்த்துவிட்டுக் கிழக்கு முனைக்கு நடங்கள். ஆத்தல் டெரஸ் தெருவின் கோடியில் தொடங்கும் பாதை பெரிய சாலைப் பாலத்தின் அடியில் நுழைந்து, இந்தப் பாறைப் பகுதியைப் பராமரிக்கும் தொண்டு அமைப்பான நேஷனல் டிரஸ்டின் பார்வையாளர் மையத்துக்கு ஏறும். நிலையத்திலிருந்து மொத்தம் நாலு கிலோமீட்டர். ஏற்றம் இருப்பதால் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பாறைமேல் நடக்கக் கட்டணம் இல்லை, கார் நிறுத்தத்தான் பணம்.

மையத்திலேயே கழிப்பறைக்குப் போய், ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து சவுத் ஃபோர்லாண்ட் கலங்கரை விளக்கம் வரை 3.2 கிலோமீட்டருக்குக் குழாயும் இல்லை, நிழலும் இல்லை. பெரும்பாலும் தென்மேற்குக் காற்றுதான் வீசும். டோவரிலிருந்து கிழக்கே நடந்தால் அது முதுகில் தள்ளும், திரும்பி வந்தால் முகத்தில் அடிக்கும். அதனால் போகும்போது மட்டும் நடந்து, பஸ்ஸிலோ ரயிலிலோ திரும்புவதே நல்லது. மழை பெய்து காற்று வடமேற்குக்குத் திரும்பிய மறுநாள் கிடைத்தால் விடாதீர்கள். 33 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிரான்ஸின் பாறைகள் அன்று பளிச்சென்று தெரியும். சூடான கோடை நாளில் மூட்டம் மறைத்துவிடும்.

விளிம்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இது சீமைச்சுண்ணாம்புப் பாறை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த நுண்ணிய பாசிகளின் ஓடுகளால் ஆனது. இடையே கறுப்புக் கோடுகளாகத் தெரிவது சிக்கிமுக்கிக் கல். சுண்ணாம்பு மழைநீரைப் பஞ்சுபோல் குடிக்கும். குளிரில் அந்த நீர் உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கும், அடியிலே அலை அரித்துக்கொண்டே இருக்கும். 2012 மார்ச்சில் லாங்டன் விரிகுடாவுக்கும் சவுத் ஃபோர்லாண்டுக்கும் இடையே பெரிய துண்டு ஒன்று சரிந்து விழுந்தது. மேலே புல் பச்சையாக இருக்கும், அதன் கீழே ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். குறைந்தது ஐந்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். குழந்தையின் கையையும் நாயின் கயிற்றையும் விடாதீர்கள். யாராவது விழுந்தாலோ சிக்கினாலோ நீங்கள் இறங்கிப் பார்க்காமல் 999 அழைத்துக் கோஸ்ட்கார்டை (கடலோர மீட்புப் படை) கேளுங்கள்.

ஈரமான சுண்ணாம்பு வழுக்கும். லாங்டன் ஹோல் என்ற பள்ளத்தில் இறங்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். மழைக்குப் பின் அங்கே பள்ளத்தின் தலைப்பக்கமாகச் சுற்றும் மேல்பாதையைப் பிடியுங்கள். அடிப்பாகம் நன்றாகப் பற்றும் காலணி வேண்டும், செருப்பு உதவாது.

இன்னொன்று கைபேசி. பாறைமேல் அது பிரெஞ்சு நெட்வொர்க்கைப் பிடித்து, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடும். ரோமிங் கட்டணமும் வரலாம், பஸ் நேரமும் குழம்பும். மேலே ஏறுமுன் ரோமிங்கை அணைத்து, நேர மண்டலம் தானாக மாறுவதையும் நிறுத்திவிடுங்கள்.

வழியில் ஃபேன் பே சுரங்கம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பீரங்கிப் படையினர் தங்க வெட்டியது, 23 மீட்டர் ஆழம், 125 படி. வழிகாட்டியோடுதான் இறங்க முடியும். எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்பதை நேஷனல் டிரஸ்ட் தளத்தில் பார்த்துவிட்டுப் போங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம், இறங்கிய படியெல்லாம் ஏறியாக வேண்டும்.

கலங்கரை விளக்கத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். எதிரே கடலுக்குள் இருக்கும் குட்வின் மணல்திட்டில் கப்பல்கள் தரைதட்டாமல் காக்க எழுந்த காவல் இது. விஞ்ஞானி ஃபாரடே மேற்பார்வையில் 1858-இல் மின்விளக்கைச் சோதித்தது இங்கேதான். 1898-இல் கடலில் நின்ற விளக்குக் கப்பலோடு மார்க்கோனியின் கம்பியில்லாச் செய்தி பரிமாறப்பட்டதும் இங்கிருந்துதான். 1988-இல் விளக்கை நிறுத்திவிட்டார்கள்.

அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் செயின்ட் மார்கரெட்ஸ் விரிகுடா. கூழாங்கல் கரையில் நின்று பாறையை அண்ணாந்து பார்க்கலாம், ஆனால் அடியில் உட்காராதீர்கள், கல் உதிரும். கடல் ஏறும் நேரத்தில் பாறையை ஒட்டி அடுத்த வளைவுக்குப் போனால் திரும்பும் வழி அடைபட்டுவிடும். ஓத அட்டவணையைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். பஸ் கரைவரை வருவதில்லை, செங்குத்தான சாலையில் ஏறிக் கிராமத்துக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பஸ் குறைவு. தவறினால் கிராமத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போல நடந்து மார்ட்டின் மில் நிலையத்தில் டோவர் ரயிலைப் பிடிக்கலாம்.

இரண்டாம் நாள் இருந்தால் மேற்கே சாம்ஃபயர் ஹோவுக்குப் போங்கள். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் இடையிலுள்ள ஆங்கிலக் கால்வாயின் அடியில் போகும் சுரங்க ரயில்பாதைக்காகத் தோண்டிய 49 லட்சம் கன மீட்டர் மண்ணைக் கடலோரத்தில் கொட்டி உருவாக்கிய 30 ஹெக்டேர் நிலம், 1997-இல் திறந்தார்கள். சக்கர நாற்காலிக்கும் தள்ளுவண்டிக்கும் ஏற்ற சமதளப் பாதை இந்தப் பகுதியில் இங்கேதான் நன்றாக அமைந்திருக்கிறது. ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோ போனால் சிலந்தி வடிவப் பூப்பூக்கும் அரிய ஆர்க்கிட் தெரியும். அது விரலளவுச் செடி, பாதையை விட்டு இறங்கினால் மிதித்துவிடுவீர்கள்.

இந்தக் கரையிலிருந்தும் அருகிலுள்ள ஷேக்ஸ்பியர் கடற்கரையிலிருந்தும்தான் கால்வாயை நீந்துவோர் பெரும்பாலும் புறப்படுகிறார்கள். 1994-இல் தமிழ்நாட்டின் குற்றாலீஸ்வரன் சிறுவனாகவே நீந்திக் கடந்தது இந்தக் கால்வாயைத்தான். 1984-இல் இலங்கை நீச்சல் வீரர் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் உயிரை விட்டதும் இதே நீரில்தான்.

சாம்ஃபயர் ஹோவுக்குக் காரில் வந்தால் ஏ20 சாலையிலிருந்து பாறைக்குள் குடைந்த, ஒரு வண்டி அகலமே உள்ள சுரங்கத்தில் இறங்க வேண்டும். சிவப்பு விளக்கு நீண்ட நேரம் எரிந்தாலும் காத்திருங்கள், எதிரே வண்டி வந்தால் உள்ளே ஒதுங்க இடமில்லை. காற்று பலத்த நாளில் அலை கடற்சுவரைத் தாண்டி விழுவதால் சுவர்ப்பாதையை மூடிவிடுவார்கள். அன்று புல்வெளிப் பாதையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தி சாயும்போது வாயிலும் மூடப்படும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், ஆகவே குளிர்காலத்தில் மதியத்துக்குள் உள்ளே போய்விடுங்கள்.