அப்பாவுக்குக் கேட்காத குருவி: காது மந்தமானவர்களுக்குக் காலிங் பெல் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பட்டறையில் 26 வருடம் கல் அறுத்தவர் என் அப்பா. இப்போது காவேரிப்பட்டணத்தில் தனியாக இருக்கிறார், நான் ஓசூரில். போன வருடம் மாங்காய் சீசனில் ஒரு சனிக்கிழமை மதியம், வீட்டு வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். பெல்லை அமுக்கினால் உள்ளே குருவி கீச்சுகீச்சென்று கத்துவது கதவுக்கு வெளியே நிற்கும் எனக்கே தெளிவாகக் கேட்கிறது. ஜன்னல் இடுக்கில் பார்த்தால், அந்தக் குருவிப் பெட்டிக்கு நேர் கீழே நாற்காலி போட்டு அப்பா டி.வி. பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு அசைவும் இல்லை. கடைசியில் பக்கத்து வீட்டு அத்தை பின்வாசல் வழியாகப் போய்த் தோளைத் தட்டினார். கதவைத் திறந்ததும் அப்பா கேட்டது: “ஏன்டா, வந்தவன் பெல் அடிக்க மாட்டியா?”

அந்தக் குருவியை வாங்கி மாட்டியவன் நான்தான். கடையில் இருந்ததிலேயே சத்தமானது எது என்று கேட்டு, நான்கைந்தை அடித்துப் பார்த்து, என் காதைத் துளைத்ததை எடுத்து வந்தேன். தப்பு அங்கேயே ஆரம்பித்துவிட்டது. கேட்க வேண்டியது அப்பாவின் காது. கடையில் சோதித்துப் பார்த்தது என் காது.

சத்தத்தை மட்டும் பார்த்து, சுருதியைப் பார்க்காமல் வாங்குவது

வயதானால் காது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் இழப்பதில்லை. முதலில் போவது கீச்சுச் சத்தம், அதாவது அதிக அதிர்வெண். நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதுதான் அதிர்வெண், அதை ஹெர்ட்ஸில் சொல்வார்கள். பிறகு மெல்ல மெல்லக் கீழே இறங்கும். இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்குக் கதை இன்னும் மோசம். கல் அறுக்கும் மெஷின், ஓசூர் சிப்காட் கம்பெனிகளின் பிரஸ் ஷாப், இப்படி எந்த இரைச்சலாக இருந்தாலும், காதில் முதல் பள்ளம் விழுவது பெரும்பாலும் 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில். அதிலும் 4000 ஹெர்ட்ஸை ஒட்டி. வயதும் இரைச்சலும் ஒரே இடத்தில் அடிக்கின்றன. “நீ பேசறது கேக்குது, என்ன சொல்றேன்னுதான் புரியல” என்று பெரியவர்கள் சொல்வதற்கும் இதுதான் காரணம். ச, ஸ மாதிரியான எழுத்துகளின் ஒலி மேலே இருக்கிறது. அது போய்விட்டால் பேச்சின் உடம்பு மட்டும் கேட்கும், முகம் தெரியாது.

இப்போது பெல்லுக்கு வருவோம். விலை குறைவான எலக்ட்ரானிக் பெல்களில் இருக்கும் சின்ன பஸ்ஸர் தகடு நன்றாக ஒலிப்பதே 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையில்தான். குருவி, கிளி, புல்லாங்குழல் எல்லாம் அந்த வட்டாரம். அப்பாவுக்கு எந்த இடத்தில் காது செத்துப்போயிருக்கிறதோ, சரியாக அதே இடத்தில் கத்தும் பெல்லைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறேன்.

அமெரிக்காவில் தீ எச்சரிக்கைக் கருவிகளிலும் இதே சிக்கல் வந்தது. வழக்கமான கருவி சுமார் 3100 ஹெர்ட்ஸில் அலறும். காது மந்தமானவர்களைத் தூக்கத்திலிருந்து எழுப்ப அதைவிட 520 ஹெர்ட்ஸ் தடித்த ஒலி நன்றாக வேலை செய்கிறது என்று ஆய்வுகளில் தெரிந்தது. சில வகைக் கட்டடங்களின் தூங்கும் அறைகளுக்கு அந்தத் தாழ்ந்த ஒலி வேண்டும் என்று அவர்களுடைய என்.எஃப்.பி.ஏ. 72 விதித்தொகுப்பிலேயே சேர்த்துவிட்டார்கள்.

அப்போ எந்தப் பெல் வாங்குவது? இரும்புப் பட்டையில் அடிக்கும் பழைய டிங் டாங் பெல்லை அவசரப்பட்டு ஒதுக்காதீர்கள். அதன் ஒலி எலக்ட்ரானிக் குருவியைவிடத் தாழ்ந்தது. ர்ர்ர் என்று உறுமும் கரண்ட் பஸ்ஸரும் நல்லது. நம் வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை இழுப்பதால் நொடிக்கு 100 முறை அதிரும். அந்தக் கரகரப்பில் தாழ்ந்த ஒலியிலிருந்து மேலே வரை எல்லாம் கலந்திருக்கும், காது எதையாவது பிடித்துக்கொள்ளும். கேட்க அழகாக இருக்காதுதான். அழகு வேண்டுமென்றால் வாசலில் கோலம் போடலாம்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சோதனை. போனில் டோன் ஜெனரேட்டர் என்று தேடினால் இலவச ஆப் கிடைக்கும். பெரியவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, கேட்டால் கை தூக்கச் சொல்லுங்கள். 500, 1000, 2000, 3000 என்று ஒரே வால்யூமில் வையுங்கள். அப்பாவுக்கு 500-இல் உடனே கை உயர்ந்தது. 1000-க்கும் சரி. 2000-இல் பாதி தூக்கிவிட்டு, “ஏதோ மாதிரி இருக்குது” என்றார். 3000-இல் நான் என் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் அமைதியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனைக்கும் போன் ஸ்பீக்கருக்கு 500 ஹெர்ட்ஸ் அவ்வளவாக வராது. அப்படியும் அதுதான் அவருக்குக் கேட்டது. இது மருத்துவப் பரிசோதனை இல்லை, பெல் வாங்கப் போதுமான சோதனை, அவ்வளவுதான்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் டெசிபலை நம்புவது

சத்தத்தின் அளவு 110 டெசிபல் என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். எவ்வளவு தூரத்தில் அளந்தது என்று பொடி எழுத்தில்கூட இருக்காது. 10 சென்டிமீட்டரில் அளந்ததென்றால் ஒரு மீட்டர் தள்ளி வந்ததுமே 20 டெசிபல் போய்விடும். அதற்கு மேல் தூரம் இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம் திறந்த வெளியில் 6 டெசிபல் குறையும். நான்கு மீட்டர் தள்ளி 78. வீட்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்புவதால் கொஞ்சம் மிச்சமாகும். நடுவில் சாத்திய கதவு ஒன்று இருந்தால் இன்னொரு 20, 25-ஐக் கழித்துக்கொள்ளுங்கள். 110-இல் கிளம்பியது 55-இல் வந்து நிற்கிறது. காது மந்தமானவர் வைக்கும் டி.வி. சத்தம் அதைவிட அதிகம்.

வால்யூமை முழுசாக ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது

மெதுவாகப் பேசினால் கேட்காது, கொஞ்சம் உரக்கப் பேசினால் “எதுக்குடா கத்தற, நான் என்ன செவிடனா” என்று கோபம் வரும். எல்லார் வீட்டிலும் நடப்பது. இது பிடிவாதம் இல்லை. உள்காது கெட்டவர்களுக்குக் கேட்கத் தொடங்கும் எல்லை மேலே போய்விடுகிறது, தாங்க முடியாத எல்லை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. நடுவில் இருக்கும் சந்து குறுகிவிடும். பள்ளிக்கூட மணி மாதிரி ஒன்றை ஹாலில் மாட்டினால் பெரியவர் நடுங்கி எழுவார், நான்காம் நாள் ஒயரைப் பிடுங்கிவிடுவார். ஒரே பெரிய பெல்லைவிட, அவர் புழங்கும் இரண்டு மூன்று இடங்களில் மிதமான பெல் இருப்பது நல்லது. ஒரு பட்டனுக்கு இரண்டு ரிசீவர் (ஒலிக்கும் பெட்டி) வரும், ஒயர் இல்லாத ரிமோட் பெல்கள் அதற்குத்தான்.

காது மெஷின் போட்டிருக்கிறாரே என்றும் இருந்துவிட வேண்டாம். குளிக்கும்போது, மதியம் படுக்கும்போது, ராத்திரி, அது டப்பாவில்தான் இருக்கும். பெல்லை மெஷின் இல்லாத காதுக்குத்தான் சோதிக்க வேண்டும்.

கண்ணை மறந்துவிடுவது

எங்கள் வீட்டில் உண்மையில் வேலை செய்தது வெளிச்சம். 230 வோல்ட் ஒயர் பெல் என்றால், அதே இணைப்பில் பக்கவாட்டில் ஒரு பல்பையும் சேர்க்க எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி நேர வேலை. பட்டனை அமுக்கினால் பெல்லும் அடிக்கும், பல்பும் எரியும்.

இதிலும் நாங்கள் தடுமாறினோம். முதலில் வீட்டில் சும்மா கிடந்த சோக் டியூப்லைட்டை மாட்டினார்கள். அது இரண்டு முறை கண் சிமிட்டி எரிய ஆரம்பிப்பதற்குள் கேஸ்காரர் பட்டனிலிருந்து கையை எடுத்துவிடுவார். சில எல்இடி பல்புகளும் அரை நொடி யோசித்துத்தான் எரியும். கடையிலேயே போட்டுப் பார்த்து, தட்டியதும் எரிவதை வாங்குங்கள். ஜீரோ வாட் பல்பு ராத்திரிக்குச் சரி, பகல் வெளிச்சத்தில் தெரியாது. இரண்டாவது தவறு, பல்பைக் கதவுக்கு மேலே வைத்தது. அப்பா கதவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறவர். பல்பு இப்போது டி.வி.க்குப் பக்கத்தில் இருக்கிறது.

படபடவென்று மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு வாங்குவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வீட்டில் வலிப்பு நோய் உள்ளவர் இருந்தால் வேகமாக மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டிவிடும். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னுவது வேண்டாம். தூங்கும்போது வெளிச்சமும் உதவாது. அதற்குத் தலையணைக்கு அடியில் வைக்கும் அதிரும் ரிசீவர்கள் இருக்கின்றன.

ரிமோட் பெல்லை நம்ம ஊர்ச் சுவரோடு சேர்த்துப் பார்க்காமல் வாங்குவது

200 மீட்டர், 300 மீட்டர் என்று போட்டிருப்பது நடுவில் எதுவுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. தேன்கனிக்கோட்டை, இராயக்கோட்டை பக்கம் பழைய வீடுகளில் ஒன்றரை அடி கருங்கல் சுவர் இருக்கும். முன்னால் தகர ஷீட் போட்ட திண்ணை வேறு. சிக்னல் கல்லில் களைத்துப்போகும், தகரத்தில் திரும்பிவிடும். கொல்லையில் வீடு கட்டி, கேட்டை அறுபது எழுபது மீட்டர் தள்ளி ரோட்டோரம் வைத்திருப்பவர்கள், திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள். பட்டனை கேட்டில் பிடித்து, ரிசீவரை அவர் படுக்கும் அறையில் வைத்து, எல்லாக் கதவையும் சாத்தி அமுக்கிப் பாருங்கள். அந்த ரிசீவரைப் பீரோவுக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயிண்டில் சொருகிவிட்டுக் கேட்கவில்லை என்று சொன்னால் அது பெல்லின் குற்றம் இல்லை.

பேட்டரி இன்னொரு தலைவலி. பட்டனுக்குள் பெரும்பாலும் 23ஏ என்ற 12 வோல்ட் குட்டி பேட்டரியோ, சிஆர்2032 என்ற காசு பேட்டரியோ இருக்கும். இது பட்டென்று சாகாது. முதலில் தூரம் குறையும். ஹாலில் அடிக்கும், படுக்கையறையில் அடிக்காது. காது கேட்கிறவர் வீட்டில் உடனே தெரிந்துவிடும். காது கேட்காதவர் வீட்டில் வந்தவர்கள் திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள், யாருக்கும் தெரியாது.

ஒயர் பெல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் கரண்ட் போனால் பெல்லும் போச்சு, பல்பும் போச்சு. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் வீடு முழுநாளும் ஊமை. இன்வெர்ட்டர் இருந்தால் பெல் லைனை அதற்கு மாற்றச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் ஹாலில் ஒயர் டிங் டாங், படுக்கையறையில் பேட்டரியில் ஓடும், விளக்கு மின்னும் ரிமோட் ரிசீவர் என்று இரண்டும் இருக்கிறது. வாசலில் இரண்டு பட்டனையும் மேலும் கீழுமாக ஒட்டியிருக்கிறேன். பார்க்க ஒரு மாதிரிதான். இன்னொன்று: மழை படும் இரும்பு கேட்டில் 230 வோல்ட் பட்டனை வைக்கவே வேண்டாம். அங்கே ரிமோட்தான்.

வருகிறவரை மறந்துவிடுவது

டிங் டாங் பெல்லை அமுக்கினால் டிங், விட்டால் டாங். பிடித்துக்கொண்டே நின்றால் ஒரே ஒரு டிங்கோடு சரி. பஸ்ஸர் என்றால் பிடித்திருக்கும் வரை அடிக்கும். வாசலில் நிற்பவருக்கு இது தெரியாது. அதனால் பட்டனுக்கு மேலே “நான்கைந்து முறை விட்டு விட்டு அமுக்கவும்” என்று எழுதி ஒட்டினோம். என் தங்கை முதலில் எழுதியது “இவருக்குக் காது கேட்காது” என்று. அதை ஒரே நாளில் கிழித்துவிட்டேன். தனியாக இருக்கும் முதியவருக்குக் காது கேட்காது என்பதை ரோட்டில் போகிற வருகிறவருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை.

வீடியோ பெல் பற்றிக் கேட்கிறார்கள். வைஃபை இருந்து, பிள்ளைகள் பெங்களூரில் இருந்தால் நல்லதுதான். கேஸ்காரரிடம் நாமே பேசிவிடலாம். ஆனால் அது நமக்கான பெல். அவருக்குத் தனியாக ஒன்று வேண்டும்.

காதைக் காட்டாமல் பெல்லை மாற்றிக்கொண்டே இருப்பது

சில சமயம் வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன; காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டி ஆடியோகிராம் எடுத்தால், எந்த ஹெர்ட்ஸ் எவ்வளவு போயிருக்கிறது என்பது ஒரே தாளில் வந்துவிடும். அந்தத் தாளோடு பெல் கடைக்குப் போகலாம். ஒரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாளே டாக்டரிடம் போக வேண்டும். அந்த வகைக்குச் சிகிச்சை தாமதமானால் பலன் குறைந்துகொண்டே போகும்.

எங்கள் வீட்டுத் தினசரி காலண்டரில் ஒவ்வொரு மாதமும் முதல் தேதித் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டு அத்தை வந்து இரண்டு பட்டனையும் அமுக்குவார். அப்பா நாற்காலியை விட்டு எழாமலே “ம்ம், எரியுது, எரியுது” என்று உள்ளிருந்து கத்துவார். கதவைத் திறப்பதில்லை. டெஸ்ட்டுதானே.