உவமைகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
தாராவியில் எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் போன மாதம் மத்தேயு 20ஆம் அதிகாரம் வந்தது, திராட்சத்தோட்டத்துக்குக் கூலியாள் பிடித்ததைப் பற்றி இயேசு சொன்ன உவமைக்கதை. வாசித்து முடித்ததும் அண்ணாச்சி ஒருவர், "கடைசி நேரத்துல மனந்திரும்பினாலும் பரலோகம் உண்டு, அவ்வளவுதான்" என்றார். எல்லாரும் ஆமென். அப்புறம் டீ.

பெரிய தவறே இதுதான், கதை உறைக்கும் முன்னே கருத்துக்குத் தாவிவிடுவது. விடிகாலையில் வந்து வெயிலில் வெந்தவனுக்கும் ஒரு பணம், பதினோராம் மணிக்கு, அதாவது நம் கணக்கில் மாலை 5 மணிக்கு வந்து ஒரு மணி நேரம் வேலை பார்த்தவனுக்கும் அதே ஒரு பணம். 'இது அநியாயமாச்சே' என்று உள்ளே ஒரு முணுமுணுப்பு வரவில்லையென்றால் நாம் கதையைக் கேட்கவே இல்லை.

இன்னொன்று, ஐந்து மணிக்காரர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்துக்கொள்வது. நம் நாக்காவில், அதாவது கூலிவேலை தேடி ஆட்கள் நிற்கிற தெருமுனையில், காலை எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். வாளியும் பிரஷ்ஷுமாகப் பெயிண்டர்கள், கொத்துக்கரண்டியோடு கொத்தனார்கள். காண்ட்ராக்டர் வந்தால் திடமான பையன்களாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். வெயில் ஏறி காலை பதினொரு மணி ஆன பிறகும் அங்கேயே நிற்பவர் பெரும்பாலும் வயதானவர், இருமுகிறவர். "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்றுதான் கதையிலும் சொல்கிறார்கள். ஒரு பணம் என்பது ஒரு நாள் கூலி. ஒரு மணி நேரத்துக்கென்று அதில் பன்னிரண்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு போனால் எந்த வீட்டில் அடுப்பெரியும்?

அதிகாரத்தின் முதல் வசனத்திலிருந்தே ஆரம்பிக்காதீர்கள். அதிகாரப் பிரிப்பெல்லாம் பிற்காலத்தில் வந்தது. 19ஆம் அதிகாரத்தின் கடைசியில், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தோமே, எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார் பாருங்கள், அந்தப் பேச்சின் தொடர்ச்சிதான் இந்தக் கதை.

எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் தேடுவதும் வேண்டாம். நல்ல சமாரியன் கதையில் சத்திரம் என்றால் திருச்சபை, சத்திரக்காரன் என்றால் பவுல் என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகஸ்டின் விளக்கினார். பெரிய மனுஷர்தான், ஆனால் அந்த விளக்கத்தில் அடிபட்டுக் கிடந்தவன் காணாமல் போகிறான். (விதைக்கிறவன் உவமையை இயேசுவே ஒவ்வொன்றாக விளக்குகிறார், உண்மை. அதை வைத்து எல்லாக் கதையையும் பிரித்துப் போட முடியாது.) எஜமான் வேலைக்காரர்களிடம் தாலந்துகளை ஒப்படைத்த உவமையில், தாலந்து என்றதும் பாட்டுத் திறமை, கீபோர்டு திறமை என்று போவதும் இப்படித்தான், கதையில் அது பணம், ஒரு கூலியாள் ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்துச் சம்பாதிக்கிற தொகை.

டீ குடிக்கும்போது அண்ணாச்சியிடம் கேட்டேன், "நாம எத்தனை மணிக்கு வந்தவங்க?"

"மூணு தலைமுறையா சபையில இருக்கோம், காலையிலேயே வந்தவங்கதான்" என்றார் யோசிக்காமல்.

15ஆம் வசனத்தைக் காட்டினேன். தோட்டத்து எஜமான் காலையில் வந்தவனிடம்தான் கேட்கிறான்: "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா?" வன்கண்ணன் என்றால் பொறாமைக்காரன்.

அண்ணாச்சிக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான், நானும் மூன்றாம் தலைமுறை.